ஓட்டை பிங் பண்ணுகிறவர் பக்கம், பிங் வாங்குகிறவர் பக்கம் இல்லை

மொரிஷியஸின் எபேனில் ஒரு கால் சென்டரின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் ரோஸ் ஹில் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பிரான்ஸ் வாடிக்கையாளர் அனுப்பிய பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையில், அவர்களுடைய ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை இயங்குதளம்) சர்வர்களில் சிவிஇ-2022-23093 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கிற பிங் நிரலில் பஃபர் ஓவர்ஃப்ளோ, அதாவது ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டித் தரவு வழிவது, தொலைவிலிருந்தே சர்வரைக் கைப்பற்றலாம் என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறதாம். பத்ரோன், அதாவது முதலாளி, அதைப் பார்த்துவிட்டு, "ஃபயர்வாலில் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்துவிடு, இனிமேல் யாரும் நம்மை பிங் பண்ணக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஐசிஎம்பி என்பது பிங்கும் நெட்வொர்க் பிழைச் செய்திகளும் போகிற நெறிமுறை. அடைத்தால் போதுமா, ஆபத்து நிஜமாகவே அவ்வளவு பெரியதா, அங்கே உள்ளே என்னதான் நடக்கிறது என்பது கேள்வி.

தம்பி, அடைத்தால் போதாது. அதைவிட முக்கியம், உங்கள் பத்ரோன் பார்க்கிற திசையே தப்பு. யாரோ வெளியிலிருந்து உங்களை பிங் பண்ணினால் உங்கள் சர்வரில் பிங் என்ற நிரல் ஓடுவதே இல்லை. வந்த எக்கோ கேள்வியை வாங்கி எக்கோ பதிலைத் திருப்பி அனுப்புவது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. பிங் நிரல் ஓடுவது கேட்கிறவருடைய இயந்திரத்தில் மட்டும்தான், அதாவது நீங்களோ உங்கள் ஸ்கிரிப்டோ அதைக் கூப்பிடும்போது. இந்த ஓட்டை இருப்பது பதிலைப் பிரித்துப் படிக்கிற இடத்தில். ஆகவே மாட்டிக்கொள்ளக் கூடியவர் பிங் பண்ணுகிறவர்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஐபிவி4 பாக்கெட் ஒவ்வொன்றும் ஒரு ஹெடரோடு தொடங்குகிறது. சாதாரணமாக அது 20 பைட். ஆனால் 1981இல் ஐபியின் விதிகளை ஆர்எஃப்சி 791 என்ற ஆவணமாக எழுதியவர்கள் அதற்குப் பின்னால் ஆப்ஷன்கள் என்று கொஞ்சம் கூடுதலாகவும் வரலாம் என்று இடம் விட்டு வைத்தார்கள். ஹெடர் மொத்தம் எவ்வளவு நீளம் என்பது முதல் பைட்டிலேயே இருக்கிறது: அந்த பைட்டின் மேல்பாதி ஐபி பதிப்பு எண், கீழ்பாதி நீளம், நீளத்தை நான்கு பைட் அலகில் எண்ண வேண்டும். பாக்கெட்டைப் பிடித்துப் பதினாறடிமானத்தில் பார்த்தால் முதல் பைட் பெரும்பாலும் 45 என்று இருக்கும், நீங்களே எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். நான்காம் பதிப்பு, ஐந்து அலகு, அதாவது 20 பைட். கீழ்பாதியில் வரக்கூடிய பெரிய எண் 15. அப்போது முதல் பைட் 4எஃப், ஹெடர் 60 பைட். கணக்குச் சரியாக இருக்கிறதா? 60இல் 20 போனால் 40. ஃப்ரீபிஎஸ்டி தன் அறிவிப்பில் 'அதிகபட்சம் 40 பைட் வழிந்து போகும்' என்று சொல்கிற அந்த 40 இதுதான்.

பிங் நிரலில் பிஆர்_பேக் என்று ஒரு செயல்கூறு இருக்கிறது. வந்த பாக்கெட்டைப் பார்த்து "64 பைட், இன்ன முகவரியிலிருந்து, இத்தனை மில்லிசெகண்ட்" என்று நாம் திரையில் பார்க்கிற வரியை அச்சடிப்பது அதன் வேலை. அது ஸ்டாக்கில், அதாவது செயல்கூறு ஓடும்போது அதன் மாறிகள் இருக்கிற நினைவகத்தில், ஐபி ஹெடருக்கென்று ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது, 20 பைட், ஆப்ஷன் இல்லாத ஹெடரின் அளவு. பாக்கெட்டின் முதல் பைட்டைப் படிக்கிறது, கீழ்பாதியை எடுத்து நான்கால் பெருக்குகிறது, வந்த விடை எவ்வளவோ அவ்வளவு பைட்டை மெம்காப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை போட்டு அந்த 20 பைட் இடத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. மூட்டையின் மேல் அனுப்பியவன் எழுதியிருக்கிற எடையை நம்பிப் பரணில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்க்காமலேயே தூக்கிப் போட்ட மாதிரி. 45 வரும்வரை பிரச்சினை கிடையாது. 4எஃப் வந்தால், ஒதுக்கிய இடம் போக மீதி 40 பைட் ஸ்டாக்கில் பக்கத்திலிருக்கிற மாறிகளின் மேல் போய் விழும், அந்த 40 பைட்டில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் பதில் அனுப்புகிறவர்.

இதே தப்பு அதே செயல்கூறில் இன்னொரு இடத்திலும் இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் அனுப்பிய பிங் போய்ச் சேராவிட்டால் வழியிலுள்ள ஏதோ ஒரு ரவுட்டர் 'போய்ச் சேர முடியவில்லை' என்றோ 'டிடிஎல் (பாக்கெட் தாண்டக்கூடிய ரவுட்டர்களின் எண்ணிக்கை) தீர்ந்துவிட்டது' என்றோ ஒரு ஐசிஎம்பி பிழைச் செய்தி அனுப்பும். எந்த பாக்கெட்டைப் பற்றிச் சொல்கிறது என்று தெரிய, உங்கள் பழைய பாக்கெட்டின் ஐபி ஹெடரையும் அதற்குப் பின்னாலுள்ள முதல் எட்டு பைட்டையும் அந்தச் செய்திக்குள் மேற்கோளாக வைத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. பிங் அந்த உள்ளிருக்கும் ஹெடரையும் எடுத்து, அதன் நீளத்தையும் அதுவே சொன்னபடி நம்பி, அதேபோல 20 பைட் இடத்தில் நகலெடுக்கிறது. நீங்கள் ஆப்ஷனே இல்லாமல் அனுப்பியிருக்கலாம். ஆனால் மேற்கோள் காட்டுகிறவர் உண்மையைத்தான் காட்டுகிறார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆக, தப்பான பதில் நீங்கள் பிங் பண்ணிய இயந்திரத்திலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, நடுவழியில் இருக்கிற யாரிடமிருந்தும் வரலாம்.

இந்த இரண்டாவது இடத்தால்தான் ஃபயர்வாலை நம்பி உட்கார முடியாது. ஃப்ரீபிஎஸ்டியில் பிஎஃப் ஃபயர்வால் ஓடினால், ஐபி ஆப்ஷன் உள்ள பாக்கெட்டை அது இயல்பாகவே தள்ளிவிடும், விதியில் நீங்களாக அலவ்-ஆப்ட்ஸ் என்று எழுதினால்தான் விடும். நல்ல பழக்கம்தான், முதல் வழியை அது பெருமளவு அடைத்துவிடுகிறது. ஆனால் அது பார்ப்பது பாக்கெட்டின் சொந்த ஹெடரை. பிழைச் செய்திக்குள்ளே மேற்கோளாக உட்கார்ந்திருக்கிற ஹெடர் அந்த விதியில் சேராது. 2022 நவம்பர் இறுதியில் வந்த அறிவிப்பும் 'மாற்று வழி எதுவும் இல்லை' என்றே சொல்லி, புதிய பதிப்பைப் போடச் சொல்கிறது.

திருத்தம் என்னவென்று பார்த்தால் சிரிப்பு வரும். நகலெடுக்கும் அளவு பாக்கெட் சொல்கிற நீளமாக இல்லாமல், ஒதுக்கிய இடத்தின் அளவாக மாறியது. நீளம் 20க்குக் குறைவாகச் சொல்லும் பாக்கெட்டையும் முன்கூட்டியே சோதித்துத் தள்ளுகிறது. கொஞ்ச வரிகள்தான்.

இப்போது "சர்வரைக் கைப்பற்றலாம்" என்கிற பகுதிக்கு வருவோம், ஏனென்றால் தணிக்கைக்காரர்கள் சிவப்பு அடித்தது அதற்காகத்தான். பிங்குக்கு ரா சாக்கெட் (பாக்கெட்டை நேரடியாகக் கையாளும் வாசல்) தேவை, அதைத் திறக்க ரூட், அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கின், அதிகாரம் தேவை, ஆகவே ஃப்ரீபிஎஸ்டியில் பிங் செட்யூஐடி ரூட்டாக நிறுவப்பட்டிருக்கிறது: யார் ஓட்டினாலும் ரூட்டாகத் தொடங்கும். செட்யூஐடி நிரல், அதில் ஓவர்ஃப்ளோ, அதுவும் வெளியிலிருந்து வருகிற தரவால் என்று மூன்றையும் சேர்த்துப் படித்தால் யாருக்கும் வயிறு கலங்கும், அந்த நேரத்துச் செய்தித் தலைப்புகளும் அப்படித்தான் இருந்தன. ஆனால் நிரல் நடக்கிற வரிசையைப் பார்க்க வேண்டும். தொடங்கியதும் முதல் வேலையாக சாக்கெட்டைத் திறக்கிறது. அடுத்து ரூட் அதிகாரத்தைக் கைவிட்டு, ஓட்டியவருடைய சாதாரண அதிகாரத்துக்கு இறங்குகிறது. அப்புறம் காப்சிகம் என்கிற அடைப்புக்குள் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் முதல் பதில் பாக்கெட்டைப் படிக்கிறது. அதாவது ஓவர்ஃப்ளோ நடக்கிற நேரத்தில் ரூட் அதிகாரம் ஏற்கெனவே போயாயிற்று, அடைப்புக்குள்ளிருந்து புதிதாக ஒரு கோப்பைப் பெயர் சொல்லித் திறக்க முடியாது, ஏற்கெனவே கையிலிருக்கும் சாக்கெட்டுகளை வைத்துத்தான் எதையும் செய்ய முடியும்.

இந்த காப்சிகம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவானது, 2012இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 9.0 முதல் இருக்கிறது. பிங் மாதிரி ஒரு குட்டி நிரலுக்கு எதற்கு இத்தனை பூட்டு என்று கேட்கத் தோன்றும். இதற்குத்தான்.

அது மட்டுமில்லை, 40 பைட் என்பது சின்ன இடம். அது எந்த மாறியின் மேல் விழும் என்பது கம்பைலர் எதை எங்கே வைத்தது என்பதைப் பொறுத்தது. ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படை நிரல்கள் ஸ்டாக் ப்ரொடெக்டரோடு கம்பைல் ஆனவை, செயல்கூறு திரும்பும் முகவரியைத் தொட முயன்றால் நடுவிலிருக்கிற காவல் மதிப்பு கெட்டு, நிரல் தானாகவே செத்துவிடும். ஆகவே பெரும்பாலும் நீங்கள் பார்க்கப் போவது பிங் பட்டென்று விழுவதைத்தான். இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முகவரிகளைக் கலைத்துப் போடும் ஏஎஸ்எல்ஆர் ஃப்ரீபிஎஸ்டியில் இயல்பாகவே ஓடத் தொடங்கியது 13.2இல், 2023 ஏப்ரலில்தான். அந்த ஓட்டை இருந்த 12.3லும் 13.1லும் அது நாமாகப் போட்டால்தான் உண்டு. அதனால் "சும்மா விடு, ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்லவில்லை. கைப்பற்றுவது ரொம்பக் கஷ்டம், விழவைப்பது சுலபம். இந்த இரண்டையும் ஒரே சிவப்பில் எழுதுவது சரியில்லை.

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் காப்பு ஒரு படி குறையும். ரூட் அதிகாரத்தைக் கைவிடுதல் என்பது 'என்னை ஓட்டியவர் யாரோ அவருடைய அதிகாரத்துக்கு இறங்கு' என்பதுதான். ஓட்டியவரே ரூட் என்றால் எங்கே இறங்குவது? ரூட்டாக உள்ளே போய் பிங் பண்ணுகிறவர்கள், ரூட்டின் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடுகிற வேலை) பிங்கை வைத்திருக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் மிச்சமிருப்பது காப்சிகம் ஒன்றுதான். பிஎஃப்சென்ஸ் மாதிரி ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுகிற ஃபயர்வால் பெட்டிகளில் இணையப் பக்கத்தில் டயக்னாஸ்டிக்ஸ் போய் பிங் அழுத்தினால் அதுவும் ரூட்டாகத்தான் ஓடுகிறது. சிலர் இதைப் படித்ததும் "பிங்கிலிருந்து செட்யூஐடியை எடுத்துவிடலாம்" என்று யோசனை சொல்வார்கள். எடுத்தால் என்ன ஆகும்? நேற்று வரை சாதாரணப் பயனராக பிங் பண்ணிக்கொண்டிருந்த எல்லாரும் நாளையிலிருந்து சூடோ போட்டு ரூட்டாகப் பண்ணுவார்கள். இருந்த காப்பும் போச்சு.

மொரிஷியஸில் இருக்கிற நமக்கு இது ஏன் கொஞ்சம் கூடுதலாகப் பொருந்துகிறது என்றால், நம்மைப் போல பிங் பண்ணுகிற ஜனங்கள் குறைவு. ஐரோப்பாவோடு வேலை பார்க்கிற அலுவலகம், நடுவில் கடலுக்கடியில் கேபிள், லைன் கொஞ்சம் இழுத்தால் போதும், சேஃப் கேபிளா, மெட்டிஸ் கேபிளா, ஆபரேட்டரா, இல்லை நம் மாடியில் இருக்கிற சுவிட்சா என்று கண்டுபிடிக்க முதலில் கை போவது பிங்குக்குத்தான். சைக்ளோன் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறியதும் எல்லாரும் வீட்டிலிருந்து விபிஎன்னில் வருவார்கள், அப்போது கணினிப் பிரிவில் திரைக்கு நாலு பிங் ஜன்னல் ஓடிக்கொண்டிருக்கும். டிமக்ஸ் (வெளியேறினாலும் நிரலை ஓடவிடுகிற ஜன்னல்) உள்ளே பாரிஸ் சர்வரை நோக்கி ஒரு பிங்கை ஓடவிட்டு, மாதக்கணக்கில் மறந்து போகிற அலுவலகங்கள் எபேனில் ஏராளம். பிங் ஓடுகிற நேரம் முழுக்க நீங்கள் வெளியிலிருந்து வருகிற ஐசிஎம்பியைப் படித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்பது ஒன்று. இன்னொன்று, நடைமுறையில் இதுதான் முக்கியம்: புதிய பதிப்பைப் போட்டாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற பிங் பழைய நிரல்தான். அதை நிறுத்தித் திரும்ப ஓட்டும் வரை ஓட்டை நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. சர்வரை ரீபூட் பண்ணத் தேவையில்லை, அந்த ஜன்னல்களை மூடித் திறந்தால் போதும்.

இனி, அந்த அறிக்கை சொல்வது உண்மையா என்றே முதலில் சோதியுங்கள். இது கெர்னலில் உள்ள ஓட்டை கிடையாது, பிங் என்ற பயனர் நிரலில் உள்ளது. ஆகவே திருத்தம் போட்டபோது கெர்னல் மாறியிருக்காது. யூநேம் கட்டளை காட்டுவது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பை. நீங்கள் ஒழுங்காக ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஓட்டி எல்லாம் சரியாக இருந்தாலும் யூநேம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம், ஸ்கேனர் அதைப் பார்த்துவிட்டு "ஓட்டை இருக்கிறது" என்று எழுதிவிடும். ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கட்டளையை மைனஸ் யூ போட்டு ஓட்டுங்கள், அதுதான் பயனர் நிரல்களின் பதிப்பு. 13.1 என்றால் பி5, அதாவது ஐந்தாம் திருத்த எண் முதல், 12.3 என்றால் பி10 முதல் இந்தத் திருத்தம் உள்ளே இருக்கிறது. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால், அந்த வரியை அப்படியே எடுத்துத் தணிக்கைக்காரருக்கு அனுப்பிவிடலாம், அந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை இந்த விஷயம் முடிந்தது. ஆனால் 13.1க்கான ஆதரவு 2023 ஜூலையோடும் 12 கிளை முழுவதற்கும் 2023 டிசம்பரோடும் முடிந்துவிட்டது. இன்னும் அந்தப் பதிப்பிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் இந்த ஒரு சிவிஇயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதே வேடிக்கை, அதற்குப் பின்னால் வந்த எல்லா ஓட்டையும் திறந்தபடி கிடக்கும்.

அப்புறம் ஜெயில்கள், அதாவது ஒரே ஃப்ரீபிஎஸ்டிக்குள் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுகிற அடைப்புகள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு சர்வர் வைத்திருக்கிறீர்கள் என்றால் அதில் ஜெயில்கள் இருக்கவே இருக்கும். ஒவ்வொரு முழு ஜெயிலுக்குள்ளும் அதற்கென்று தனியாக ஒரு பிங் நிரல் கோப்பு இருக்கிறது. வெளியே ஹோஸ்டில் அப்டேட் போட்டதால் உள்ளே மாறாது, ஜெயிலின் அடைவைக் காட்டித் தனியாகப் போட வேண்டும். நல்ல வேளை, ஜெயிலுக்குள் ரா சாக்கெட் இயல்பாகத் தடை, அதனால் பிங் அங்கே ஓடாது. ஆனால் கண்காணிப்பு மென்பொருள் ஓடுகிற ஜெயிலில் யாராவது அலவ் ரா சாக்கெட்ஸ் என்று போட்டிருப்பார்கள். தேட வேண்டிய இடம் அது.

கண்காணிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கட்டமைப்பில் பிங் பண்ணுகிறவர் யார் யார் என்று ஒரு சுற்றுப் பாருங்கள், பயப்பட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு டிபிங்கர் என்ற தனி நிரலை வைத்திருக்கின்றன, அதில் இந்த நிரல் வரிகள் இல்லை. ஸ்மோக்பிங் பெரும்பாலும் எஃப்பிங்கைக் கூப்பிடுகிறது, அதுவும் வேறு. நேகியோஸில் செக்_பிங் என்றால் அது அமைப்பின் பிங்கைத்தான் கூப்பிடும், செக்_ஐசிஎம்பி என்றால் சொந்தமாகவே பாக்கெட் செய்துகொள்ளும். லினக்ஸ் இயந்திரங்களில் இருக்கிற பிங் ஐபியூடில்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது, தனி நிரல், இந்த சிவிஇ அதைத் தொடாது. விண்டோஸ் பிங்கும் அப்படியே. ஆக மிஞ்சுவது ஃப்ரீபிஎஸ்டி இயந்திரங்களில் மனிதர்களும் ஸ்கிரிப்டுகளும் நேரடியாகக் கூப்பிடுகிற பிங்.

இப்போது பத்ரோனின் உத்தரவு. எக்கோ கேள்வியை மட்டும் வெளியிலிருந்து வராமல் அடைத்தால், மேலே சொன்னபடி, இந்த ஓட்டைக்கு அது ஒரு சம்பந்தமும் இல்லாத வேலை. ஐசிஎம்பி மொத்தத்தையும் இரண்டு பக்கமும் அடைத்தால், நியாயமாகச் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து யாரும் இதைத் தூண்ட முடியாது, ஏனென்றால் பதிலே வராது. உள் நெட்வொர்க்கில் இருப்பவர் தூண்டலாம் என்பது வேறு. ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கிற விலை என்ன தெரியுமா? பிரான்சுக்கு விபிஎன் போட்டிருக்கிறீர்கள். சாதாரண ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட் வரை போகும், விபிஎன்னின் ஐபிசெக் குறியாக்கம் தன் உறையைச் சுற்றியதும் உள்ளே அவ்வளவு இடம் இருக்காது. பெரிய பாக்கெட் வந்து அதைத் துண்டாக்கவும் கூடாது என்று குறி இருந்தால், வழியிலுள்ள ரவுட்டர் 'இது பெரிசு, இத்தனைக்குள் அனுப்பு' என்று ஐசிஎம்பி வகை 3, குறி 4 செய்தி அனுப்பும். நீங்கள் அதையும் சேர்த்து அடைத்துவிட்டீர்கள். விளைவு எப்படித் தெரியும் என்றால், விபிஎன் பச்சை விளக்கு காட்டும், உள்நுழைவுப் பக்கம் வரும், சின்ன வேலையெல்லாம் நடக்கும், ஏஜென்ட் ஒரு பெரிய ரெக்கார்டிங்கை ஏற்றத் தொடங்கியதும் அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தியும் வராது. அப்போது காரணம் தேட நீங்கள் பிங் பண்ணிப் பார்க்க நினைப்பீர்கள், அதையும் அடைத்து வைத்திருப்பீர்கள்! ஐபிவி6 இருந்தால் நிலைமை இன்னும் மோசம், பக்கத்து இயந்திரத்தின் முகவரியைக் கண்டுபிடிப்பதே ஐசிஎம்பிவி6 வழியாகத்தான், எதை விட வேண்டும் எதை அடைக்கலாம் என்று ஆர்எஃப்சி 4890 தனியாகவே எழுதி வைத்திருக்கிறது.

இந்த மாதிரி ஓட்டை பிங்குக்கு மட்டும் வந்த அதிசயம் ஒன்றும் இல்லை. பிங்கை மைக் மூஸ் எழுதியது 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தபோது, லைன் ஏன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று பார்க்க. அப்போது நெட்வொர்க்கில் இருந்தவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், எதிர்முனை பொய் சொல்லும் என்று யாரும் நினைத்து எழுதவில்லை. அதற்கு ஐந்து வருடத்தில், 1988 நவம்பரில், மாரிஸ் புழு கிளம்பியது. அது உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் சேவை, 512 பைட் பஃபரில் அளவே பார்க்காமல் வாங்கிப் போட்டது. ஃப்ரீபிஎஸ்டி பிங் விவகாரம் வெளிவந்ததும் ஓபன்பிஎஸ்டி டெவலப்பர் ஒருவர் தங்கள் பிங்கையும் ஃபஸ்ஸிங் பண்ணிப் பார்த்தார், அதாவது கண்டபடி கெட்டுப்போன பாக்கெட்டுகளை விடாமல் ஊட்டிப் பார்த்தார். ஓவர்ஃப்ளோ இல்லை, ஆனால் ஐபி ஆப்ஷனைப் படிக்கிற இடத்திலேயே முடிவில்லாமல் சுற்றுகிற ஒரு பிழை அகப்பட்டது, 1998இலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. யாருமே பயன்படுத்தாத ஆப்ஷன்களைப் படிக்கிற நிரல் பகுதியை யாரும் சோதிப்பதும் இல்லை. பாக்கெட்டைப் பிடித்துப் படித்துக் காட்டுகிற டிசிபிடம்ப் கதை இன்னும் பெரிது, 2017இல் 4.9.2 பதிப்பு ஒன்றில் மட்டும் தொண்ணூறை ஒட்டிய சிவிஇ எண்களுக்குத் திருத்தம் வந்தது, கிட்டத்தட்ட எல்லாமே 'பாக்கெட் சொல்கிற நீளத்தை நம்பிப் படித்தது' என்கிற வகை. அதே மாதிரிக் கருவியான வயர்ஷார்க்கை ரூட்டாக ஓட்டாதே என்று அதை எழுதுகிறவர்களே சொல்வதும், பாக்கெட் பிடிக்கிற வேலையை மட்டும் டம்ப்கேப் என்று தனியாகப் பிரித்து வைத்திருப்பதும் இதனால்தான். கோளாறு கண்டுபிடிக்கிற கருவிக்குத்தான் கெட்டுப்போன பாக்கெட்டுகள் அதிகம் வந்து சேரும், அதுவும் நாம் அவசரத்தில், அதிகாரம் அதிகமுள்ள கணக்கில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில்.

என்னைக் கேட்டால், ஃப்ரீபிஎஸ்டி பிங்கைவிட உங்கள் ஏஜென்ட்டுகள் வீட்டில் வைத்திருக்கிற மலிவு ரவுட்டர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அவற்றின் நிர்வாகப் பக்கத்திலும் பிங் பண்ணிப் பார்க்க ஒரு பெட்டி இருக்கும், முகவரியை எழுதி அழுத்தினால் போதும். அந்தப் பெட்டியில் எழுதியதை நீளம் பார்க்காமல் ஒரு பஃபரில் ஒட்டுவது, இல்லாவிட்டால் அப்படியே ஷெல் கட்டளைக்குள் சொருகுவது, இந்த இரண்டு தப்பும் அந்த உலகத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே காப்சிகமும் கிடையாது, பெரும்பாலும் எல்லாமே ரூட்டாக ஓடுகிறது, அப்டேட் என்று ஒன்று வருவதும் இல்லை. உள்ளே நுழையக் கடவுச்சொல் வேண்டும் என்பீர்கள். அது பெட்டி வந்த நாளிலிருந்து அட்மின் அட்மின்தானே.

சோதித்துப் பார்க்கலாமா என்று யாராவது ஆசைப்பட்டால், இரண்டு மெய்நிகர் இயந்திரத்தைத் தனியாகக் கோர்த்து வைத்து அதற்குள் செய்யட்டும். அலுவலக லைனிலோ வாடிக்கையாளரின் ஐபியை நோக்கியோ வேண்டாம், 2021இல் வந்த நம் நாட்டு இணையக் குற்றச் சட்டம் 'சும்மா பார்த்தேன்' என்பதை ஏற்றுக்கொள்ளாது.

பத்ரோனுக்கு நீளமாக எழுதாதீர்கள், படிக்க மாட்டார். பிங் வெளியிலிருந்து வருவதில் ஓட்டை இல்லை, நாம் வெளியே பிங் பண்ணும்போதுதான், அதற்கான திருத்தம் 2022 நவம்பரிலேயே வந்துவிட்டது, நம் இயந்திரங்களின் பயனர் நிரல் பதிப்பு இன்னது, ஜெயில்களையும் சேர்த்துப் பார்த்தாயிற்று, ஓடிக்கொண்டிருந்த பிங்குகளை நிறுத்தித் திரும்பத் தொடங்கியாயிற்று என்று பிரெஞ்சில் நாலு வரி போதும், தணிக்கைக்காரரும் அதையே எடுத்துக்கொள்வார். கோப்புகள் வைக்க ஃப்ரீபிஎஸ்டி அடிப்படையிலான டிரூநாஸ் கோர் பெட்டி ஏதாவது மூலையில் இருந்தால் அதையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். அதற்கு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஓட்டக் கூடாது, அதன் சொந்த அப்டேட் வழியாகத்தான் போக வேண்டும்.